லூட் சீட்டாட்டம்: முதல் முறை கடலில் இறங்குபவர்களுக்கு

லூட் என்பது பலர் சேர்ந்து ஆடும் கடற்சண்டைச் சீட்டாட்டம். வணிகக் கப்பல்கள் தங்கம் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கும். மற்றவர்கள் கொள்ளைக் கப்பல்களை அனுப்பி மறிப்பார்கள். வலு அதிகம் உள்ளவர் தங்கத்தை அள்ளுவார். ரைனர் நிட்சியா என்ற ஜெர்மானியர் வடிவமைத்த ஆட்டம் இது. விதிகள் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தாளை ஒருவர் சத்தமாகப் படித்து, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு ஆட உட்கார்ந்தால், பத்தாவது நிமிடத்தில் "அப்படி எங்கே போட்டிருக்கு?" என்று குரல் உயரும். எங்கள் வீட்டில் உயர்ந்தது. உங்கள் வீட்டில் உயராமலிருக்க, எந்த இடத்தில் சிக்கல் வருமோ அந்த இடத்தில் மட்டும் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

1. ஆட்களைச் சேருங்கள்

பெட்டியில் 2 முதல் 8 பேர் என்று இருக்கும். இருவர் ஆடினால் சப்பென்று போய்விடும். தாக்கலாமா, அடுத்தவன் தாக்கட்டும் என்று விடலாமா என்ற தவிப்புதான் இதில் சுவையே. நான்கு பேர் அமைவது உத்தமம். ஐந்து பேர் என்றால் ஒரு சிறு நெருக்கடி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆறு, எட்டுப் பேர் சேர்ந்துவிட்டால் தனித்தனியாக ஆடாமல் அணி பிரித்துக்கொள்ளுங்கள்.

பழகிய கூட்டத்துக்கு ஓர் ஆட்டம் இருபது நிமிடத்தில் முடியும். முதல் ஆட்டத்துக்கு அதுபோல் இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். அதன் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது விதி படிக்கிற ஆட்டம்.

2. சீட்டுகளை எண்ணிப் பாருங்கள்

மொத்தம் 78 சீட்டு. எண்ணாமல் ஆரம்பிக்காதீர்கள், குறிப்பாக வேறொருவரிடமிருந்து வாங்கிய பெட்டி என்றால்.

வணிகக் கப்பல்கள் 25. ஒவ்வொன்றிலும் எத்தனை தங்கக் காசு என்று எண் இருக்கும். 2 காசுக் கப்பல் ஐந்து, 3 காசு ஆறு, 4 காசு ஐந்து, 5 காசு ஐந்து, 6 காசு இரண்டு, 7 ஒன்று, 8 ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 100 காசு. இந்த நூறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும்போது கைகொடுக்கும்.

கொள்ளைக் கப்பல்கள் 48. நான்கு நிறம், நிறத்துக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு மண்டை ஓடு வரை இருக்கும், அதுதான் வலு. ஒரு நிறத்தில் 1 வலு இரண்டு, 2 வலு நான்கு, 3 வலு நான்கு, 4 வலு இரண்டு.

மிச்சம், நிறத்துக்கு ஒரு கேப்டனாக நான்கு பேர், அப்புறம் ஒரே ஒரு அட்மிரல்.

3. பெட்டி கிடைக்கவில்லையா? இரண்டு சீட்டுக்கட்டு போதும்

வெளிநாட்டுப் பெட்டி என்பதால் இங்கே விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருக்காது. ஆட்டம் உங்கள் கூட்டத்துக்குப் பிடிக்குமா என்று தெரியாமல் செலவழிக்க வேண்டாம். பின்பக்கம் ஒரே மாதிரி உள்ள சாதாரணச் சீட்டுக்கட்டு இரண்டும், அழியாத மார்க்கர் பேனா ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் வேறு வேறாக இருந்தால் எதிராளி கையில் இருப்பது வெளியே தெரிந்துவிடும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

நான்கு ஜாதிதான் நான்கு நிறம். இரண்டு கட்டிலும் உள்ள ஏஸ் எல்லாம் 1 வலு. ரெண்டும் அஞ்சும் 2 வலு. மூணும் ஆறும் 3 வலு. நாலு, 4 வலு. கூட்டிப் பாருங்கள், ஜாதிக்குப் பன்னிரண்டு வந்துவிடும். அஞ்சின் மேல் "2", ஆறின் மேல் "3" என்று மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள். எழுதாமல் ஞாபகத்தில் ஆடலாம் என்று நினைப்பவர்கள், ஆட்டத்தின் நடுவே ஒருவர் ஆறை ஆறு வலுவாகவே இறக்குவதைப் பார்க்கத் தயாராக இருங்கள்.

ஒரு கட்டின் நான்கு ராஜாக்களும் அந்தந்த ஜாதிக்குக் கேப்டன். ஒரு ஜோக்கர், அட்மிரல்.

வணிகக் கப்பலுக்கு ஜாதி பார்க்க வேண்டியதில்லை. ஏழில் ஐந்து சீட்டு எடுத்து 2 காசு, எட்டில் ஆறு எடுத்து 3 காசு, ஒன்பதில் ஐந்து எடுத்து 4 காசு, பத்தில் ஐந்து எடுத்து 5 காசு, ஜாக்கியில் இரண்டு எடுத்து 6 காசு. ஆர்ட்டின் ராணி ஒன்று 7, இஸ்பேட் ராணி ஒன்று 8. இந்தச் சீட்டுகளில் காசு எண்ணை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். மீதி 27 சீட்டும் உபரி ஜோக்கர்களும் மேஜைக்கே வரக்கூடாது.

4. உங்கள் முறையில் ஒரு வேலைதான்

ஆளுக்கு ஆறு சீட்டு போட்டுவிட்டு, மிச்சத்தைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள். போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர் தொடங்குவார்.

உங்கள் முறை வரும்போது ஒன்று, கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கலாம். இல்லாவிட்டால் கையிலிருந்து ஒரு சீட்டு இறக்கலாம். இரண்டையும் செய்ய முடியாது. ரம்மி ஆடிப் பழகிய கைதான் இங்கே தடுமாறும். எடுத்து, பார்த்து, ஒன்றைப் போடும் வழக்கம் விரலிலேயே ஊறியிருக்கும். புதியவர் யாராவது இருந்தால் முதல் இரண்டு சுற்று அவர் கையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கையில் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் சேர்க்கலாம், உச்சவரம்பு கிடையாது.

வணிகக் கப்பலை இறக்கினால் உங்கள் முன்னால் நிமிர்த்தி வையுங்கள். சுற்று முடிந்து உங்கள் முறை மறுபடி வரும்வரை ஒருவரும் தாக்கவில்லை என்றால் கப்பல் உங்களுடையது. எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல உங்கள் முறையை ஆடலாம். கப்பலை எடுப்பதற்கு முறை செலவாகாது.

5. தாக்குவதும் நிறம் பிடிப்பதும்

கடலில் நிற்கும் எந்த வணிகக் கப்பலின் மேலும் ஒரு கொள்ளைக் கப்பலை ஏவலாம். சீட்டை உங்கள் பக்கம் பார்த்து, அந்தக் கப்பலை ஒட்டி வையுங்கள். யாருடையது என்ற குழப்பம் வராது. கப்பலை இறக்கியவரும் தன் கொள்ளைக் கப்பலால் அதைக் காக்கலாம்.

நிறத்தில் இரண்டு கட்டுப்பாடு. ஒரு கப்பலின் மேல் நீங்கள் பச்சையில் தொடங்கினால், அந்தக் கப்பலைப் பொறுத்தவரை கடைசிவரை பச்சைதான்; அடுத்தடுத்த முறைகளில் இன்னும் பச்சை சேர்த்து வலுவைக் கூட்டலாம். நீங்கள் பச்சையைப் பிடித்த பிறகு வேறு யாரும் அந்தக் கப்பலில் பச்சை இறக்க முடியாது. பக்கத்துக் கப்பலில் இது புதிதாகத் தொடங்கும். அங்கே நீங்களே மஞ்சளில் இறங்கலாம்.

நான்கே நிறம் என்பதால் ஒரு கப்பலில் நான்கு பேருக்கு மேல் மோத முடியாது. ஐந்து பேர் என்றால் ஒரு சிறு நெருக்கடி என்றேனே, அது இதுதான்: ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க நேரும். அணி பிரிப்பதற்குக் காரணமும் இதுவே. கூட்டாளிகள் கையைக் காட்டிக்கொள்ளலாமா, பேசிக்கொள்ளலாமா என்பதை மட்டும் சீட்டு போடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இறக்கிய உடனே எதுவும் கிடைக்காது. அடுத்த முறை உங்களிடம் வரும்போதும் உங்கள் வலுவே உச்சம் என்றால்தான் கப்பல் உங்களுக்கு. வலு சமமாக நின்றால் யாருக்கும் இல்லை, யாராவது முந்தும்வரை கப்பல் கடலிலேயே நிற்கும். ஜெயித்தவர் காசுக் கப்பலை எடுத்துக்கொள்வார். அதைச் சுற்றியிருந்த கொள்ளைக் கப்பல்கள் எல்லாம் கழிந்துபோகும்.

6. கேப்டனும் அட்மிரலும்

கேப்டன் இறங்கிவிட்டால் மண்டை ஓடு எண்ணும் வேலை முடிந்தது. எதிரே பன்னிரண்டு வலு நின்றாலும் கேப்டனே பெரியவர். ஆனால் அவர் தனியாக வர முடியாது. அந்தக் கப்பலில் அவர் நிறத்துக் கொள்ளைக் கப்பல் ஒன்றாவது உங்களுடையதாக ஏற்கனவே இருக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு சீட்டுதான் என்பதால், கப்பலை இந்த முறையும் கேப்டனை அடுத்த முறையும்தான் இறக்க முடியும்.

அட்மிரலைக் கப்பலுக்குச் சொந்தக்காரர் மட்டும் இறக்கலாம், காவலுக்கு மட்டும். முன்னால் கொள்ளைக் கப்பல் எதுவும் வேண்டியதில்லை.

கேப்டன்மேல் கேப்டன் வந்தால்? கடைசியாக வந்தவரே பெரியவர். அட்மிரலுக்கும் அதே கதிதான், பின்னால் ஒரு கேப்டன் வந்தால் அவரும் வீழ்வார். பதவிப் பெயரைப் பார்த்து அட்மிரல் யாருக்கும் அசையமாட்டார் என்று நம்புவதுதான் புதியவர்கள் விழும் பெரிய பள்ளம்.

7. ஒரு சண்டையை நின்று பாருங்கள்

ஆடும் வரிசை: மாமா, அக்கா, நீங்கள், தம்பி.

மாமா 5 காசுக் கப்பலை இறக்குகிறார். அக்கா மஞ்சள் 3 வைத்து மறிக்கிறாள். உங்கள் கையில் நீலக் கேப்டன். ஆகவே நீலம் 1 வைத்து இடம் பிடிக்கிறீர்கள். தம்பி ஊதா 2.

மாமா முறை. அக்காவின் 3 முந்தி நிற்பதால் அவரால் எடுக்க முடியாது. பச்சை 3 வைத்துச் சமமாக்குகிறார். அக்கா முறை. சமம், எடுக்க முடியாது. இன்னொரு மஞ்சள் 2 சேர்த்து ஐந்தாக்குகிறாள். நீங்கள் நீலக் கேப்டனை இறக்குகிறீர்கள். தம்பி அலட்டிக்கொள்ளாமல் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறான்.

மாமா அட்மிரலைப் போடுகிறார், ஒரு சிரிப்போடு. அக்காவிடம் மஞ்சள் கேப்டன் இல்லை, சீட்டு எடுக்கிறாள். உங்களால் இனி இங்கே எதுவும் செய்ய முடியாது; நீலத்துக்கு ஒரே கேப்டன், அவர் விழுந்துவிட்டார். நீங்களும் சீட்டு எடுக்கிறீர்கள். தம்பி ஊதாக் கேப்டனை இறக்குகிறான். மாமா முகம் மாறுகிறது. அடுத்த சுற்றில் யாரிடமும் பதில் இல்லை. ஐந்து காசு தம்பிக்கு.

அந்த 5 காசுக்காகச் சண்டையில் விழுந்தவை எட்டுச் சீட்டு, ஆளுக்கு இரண்டு. அதில் இரண்டு கேப்டன், ஒரு அட்மிரல். தம்பி செய்ததில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதல் சுற்றிலேயே ஓர் ஊதாக் கப்பலை வைத்து இடம் பிடித்துவிட்டான். அது இல்லாமல் கேப்டன் கையிலிருந்தும் பயனில்லை. அப்புறம், மற்றவர்களின் பெரிய சீட்டுகள் வெளியே வரும்வரை தன் கேப்டனைக் காட்டவில்லை. நீங்கள் அவசரப்பட்டீர்கள், மாமாவிடம் அட்மிரல் இருக்கலாம் என்ற சந்தேகம் தீராத நேரத்தில் மாமாவின் கப்பல்மேல் கேப்டனைப் போட்டால் அதுதான் நடக்கும்.

8. செலவுக் கணக்கு

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லூட்டில் பணம் மண்டை ஓடு இல்லை, முறைதான்.

நான்கு பேர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆறாக 24 சீட்டு போனபின் கட்டில் 54. அவற்றை எடுக்க 54 முறை, எல்லாச் சீட்டும் இறங்குவதாக வைத்தால் இறக்க 78 முறை. மொத்தம் 132 முறைக்கு 100 காசு, அதாவது முறைக்கு ஏறக்குறைய முக்கால் காசு. கட்டிலிருந்து வரும் ஒரு சீட்டுக்கு, எடுக்க ஒன்று, இறக்க ஒன்று என்று இரண்டு முறை செலவு. ஆக ஒரு சீட்டின் விலை சுமார் ஒன்றரைக் காசு.

இப்போது கடலைப் பாருங்கள். யாரோ இறக்கிய 2 காசுக் கப்பலை ஒரே சீட்டில் பிடித்தால் அரைக் காசு லாபம். இரண்டாவது சீட்டைச் சேர்த்தால் நஷ்டம். 3 காசுக் கப்பலுக்கு இரண்டு சீட்டு போட்டால் கைக்கும் வாய்க்கும் சரி. 5 காசுக்கு மூன்று வரை தாங்கும், அதுவும் கப்பல் நிச்சயம் கிடைக்கும் என்றால்.

மாறாக, நீங்களே இறக்கிய 3 காசுக் கப்பல் யாரும் தொடாமல் கரை சேர்ந்தால் ஒரே சீட்டுக்கு மூன்று காசு. இது மிக மலிவான வரும்படி. பெரிய சண்டைகளில் கேப்டனை வீசுபவரை விட, ஓரமாக இரண்டும் மூன்றுமாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஆள் கடைசியில் முந்தியிருப்பதற்குக் காரணம் இதுதான். பார்க்கச் சுவாரசியமில்லாத ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இறக்கிய சீட்டுகள் போனவைதான். 4 காசுக் கப்பலில் ஏற்கனவே மூன்று சீட்டு போட்டுவிட்டீர்கள், இன்னும் ஒரு சீட்டில் நிச்சயம் கிடைக்கும் என்றால், போடுங்கள். "இவ்வளவு போட்டாச்சே" என்பதற்காக மட்டும் போடாதீர்கள்.

9. எதை எப்போது இறக்குவது

சின்னக் கப்பல்கள்: ஆரம்பத்திலேயே. அல்லது வேறு கப்பலில் பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கும்போது. அவரவர் முறையை அங்கே செலவழிக்க வேண்டியிருப்பதால் உங்கள் இரண்டு காசை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பெரிய கப்பல்கள், அதாவது ஆறு, ஏழு, எட்டு: கையில் அட்மிரல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் உங்களிடம் ஒரே நிறத்தில் மூன்று நான்கு கொள்ளைக் கப்பல் சேர்ந்த பிறகு. முதல் முறையிலேயே எட்டை இறக்குவது, மூன்று பேரையும் உங்கள் வாசலுக்கு விருந்துக்குக் கூப்பிடுவது போல.

உட்காரும் இடமும் விஷயம்தான். உங்கள் கப்பலை மறிக்க மூவருக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். பூனைக்கு மணி கட்டும் வேலை கடைசியில் உங்களுக்கு முன்னால் ஆடுபவர் தலையில் விழும். அவர் கையில் சீட்டு குறைந்திருக்கும்போதும், அவரே வேறொரு சண்டையில் மாட்டியிருக்கும்போதும் கப்பலை இறக்குங்கள்.

1 வலுக் கப்பல்களைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். கேப்டனுக்கு இடம் பிடிக்க அதுதான் மலிவு. எதிராளியின் நிறத்தை அடைக்கவும் உதவும்: பச்சையிலேயே வலுவாக ஆடும் ஒருவர் இன்னும் இறங்காத கப்பலில் நீங்கள் பச்சை 1 வைத்துவிட்டால், அவர் பச்சைச் சீட்டுகள் அங்கே செல்லாது.

விழுந்த கேப்டன்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். வேறு எதுவும் எண்ணாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று பேர் போய்விட்டார்கள், நான்காமவர் உங்களிடம் என்றால், அட்மிரலும் வெளியே வந்தபின் அவரை வீழ்த்த ஆளில்லை. அவரை மூன்று காசுக் கப்பலில் வீணடிக்க வேண்டாம்.

10. கட்டு தீர்ந்த பிறகு

இங்கேதான் வாக்குவாதம் அதிகம். பெட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் விதித்தாளைப் பார்த்து முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சீட்டுக்கட்டில் ஆடுபவர்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம்.

கட்டில் சீட்டு தீர்ந்தால் இனி எடுப்பது இல்லை. இறக்க வேண்டும், அல்லது வேண்டாத கொள்ளைக் கப்பல் ஒன்றைக் கழிக்க வேண்டும். வணிகக் கப்பலைக் கழிக்க விடாதீர்கள். யாராவது ஒருவர் கையிலுள்ள கடைசிச் சீட்டை இறக்கியதும், அவரையும் சேர்த்து எல்லோருக்கும் இன்னும் ஒரே ஒரு முறை. அது முடிந்ததும் கடலில் நிற்கும் கப்பல்கள், அப்போது முந்தி நிற்பவருக்கு. சமமாக நின்றால் யாருக்கும் இல்லை.

பிடித்த காசைக் கூட்டி, கையில் மிஞ்சிய வணிகக் கப்பல்களின் காசைக் கழியுங்கள். எட்டை நல்ல நேரம் பார்த்து இறக்கலாம் என்று கடைசிவரை வைத்திருந்தவருக்கு எட்டு காசு குறையும். ஆகவே கட்டில் பத்துச் சீட்டு அளவில் மிஞ்சும்போதே கையைப் பாருங்கள். இரண்டு மூன்று வணிகக் கப்பல் இருந்தால் அப்போதே இறக்கத் தொடங்குங்கள், அடிபட்டாலும் பரவாயில்லை. அடுத்தவருக்குப் போகும் காசு உங்கள் கணக்கில் கழிவதில்லை. கையில் தங்கினால் கழியும்.

ஒரே ஆட்டத்தோடு எழுந்துவிடாதீர்கள். சீட்டு போடுபவர் மாறிமாறி வரும்படி, ஆளுக்கு ஓர் ஆட்டமாக ஆடி மொத்தத்தைக் கூட்டுங்கள். கேப்டன்கள் இரண்டு பேர் ஒரே கைக்குப் போய்விடும் ஆட்டமும் உண்டு, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.